நோயாளியின் வீடும் பணியிடம்தான்

கேள்வி: வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் நான். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் நிறுவனம் சம்பளம் தருகிறது. நாளுக்கு ஆறு வீடுகள். இடையில் அலையும் நேரத்துக்கும், இரவில் குறிப்பு எழுதும் நேரத்துக்கும் காசு கிடையாது. சிலர் பாத்திரம் கழுவச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் நோயாளியின் மகனுடைய பேச்சும் பார்வையும் சரியில்லை. மேலாளரோ, "அனுசரித்துப் போங்கள்" என்கிறார். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த மகனைப் பற்றிப் பேசுவோம். இது அனுசரித்துப் போகிற சங்கதியே அல்ல. எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னான் என்பதை எழுதி, மேலாளருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொன்னதை அவர் நாளை மறந்துவிடலாம். இனி அங்கே தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும் அல்லது வீட்டை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். சொல்லாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள். படுக்கையில் கிடப்பவர் ஒரு பாவமும் செய்யவில்லை, பழியும் உங்கள் தலையில்தான் விழும். 'அடுத்தவர் வீட்டில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்வது' என்று நிறுவனம் கை விரித்தால் ஏமாறாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 190), வேலை நடக்கும் தனியார் இடத்தையும், வேலைக்குப் போய்வரும் வழியையும்கூடப் பணியிடத் துன்புறுத்தலின் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது.

சம்பளத்துக்கு வருவோம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், குறிப்பு எழுதிய நேரம் எல்லாவற்றையும் குறியுங்கள். வாங்கிய பணத்தை மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வீட்டுக் கணக்கில் கௌரவமாகத் தெரிந்த தொகை அப்போது இளைத்துப்போகும். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் ஒரு பணியிடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் நேரத்தைப் பொதுவாக வேலை நேரமாகவே சட்டம் கணக்கிடுகிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர் துறையிலோ செவிலியர் சங்கத்திலோ கேளுங்கள். நோட்டோடு போங்கள்.

பாத்திர விவகாரம் எளிது: உங்கள் பணிகள் எவையென்று நிறுவனமே குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஊசி. மருத்துவமனையில் என்றால் ஓடி வர ஆள் உண்டு. வீட்டில் நீங்கள் தனி. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள்; துளைக்க முடியாத பெட்டியை நிறுவனம் தர வேண்டும். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நள்ளிரவில் யாரை அழைப்பது, செலவு யாருடையது? இதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு மாதத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் வேறு இடம் தேடுங்கள். அங்கே நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன், இடைப்பட்ட பயண நேரத்துக்கு எப்படிக் கணக்கு என்று கேளுங்கள்.