சக்கரக் காசை வித்து பிட்காயின் வாங்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு புளியரை. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கம் பழைய வீடு பிரிக்கிற இடத்துல கெடைக்கிற பித்தளை சாமான், திருவிதாங்கூர் காசு இதெல்லாம் வாங்கி தொடச்சு வெளிநாட்டு ஏல சைட்ல போட்டு விக்கிறேன், மூணு வருசமா ஓடுது. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கிண்டி (மூக்கு வச்ச பித்தளைச் செம்பு) வித்தேன், ஆளு கைக்கு நல்லபடியா போயி சேந்துச்சு, அதுக்கப்புறம் அவன் கார்டு கம்பெனில புகார் குடுத்து பணத்தை திருப்பி எடுத்துக்கிட்டான். சாமானும் போச்சு காசும் போச்சு. இப்ப ஜெர்மனில இருந்து ஒருத்தர் 22 திருவிதாங்கூர் சக்கரக் காசை ஒரே லாட்டா கேக்காரு. சைட்டுக்கு வெளிய வாங்க, பிட்காயினோ யூஎஸ்டிடியோ (டாலர் மதிப்போட ஓடுற டிஜிட்டல் காயின்) அனுப்புதேன், கமிஷனும் மிச்சம், யாரும் திருப்பி எடுக்கவும் முடியாதுங்காரு. வாங்கலாமாண்ணே?

பதில்: தம்பி, அந்த கிண்டி விசயத்தை படிச்சதும் மனசு கஷ்டமாயிட்டு. புளி போட்டு தேச்சு, மூக்குக்குள்ள அடைச்ச மண்ணை குச்சி வச்சு எடுத்து, பபுள் சீட்டு சுத்தி அனுப்புற பொருள் அது, அதுக்கு பின்னாடி எத்தன நாள் வேல இருக்குன்னு எனக்கு தெரியும்.

பதிலை மொதல்லயே சொல்லிடுதேன், இந்த ஆளுகிட்ட வேண்டாம். ஆனா அவரு சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. கார்டுல வந்த பணத்தை வாங்குனவன் புகார் குடுத்து திருப்பலாம், பொதுவா நாலு மாசம் வரைக்கும்கூட அந்த வாய்ப்பு இருக்கு. பிட்காயின் அப்படி இல்ல. சுமாரா பத்து நிமிசத்துக்கு ஒரு பிளாக் (பரிமாற்றங்களை எழுதுற கணக்குப் பக்கம்) ஏறும், நம்ம பரிமாற்றம் ஏறுன பிளாக்கோட சேத்து ஆறு ஆயிட்டா, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதுக்கு மேல எந்த பேங்கு மேனேஜரும் எந்த கார்டு கம்பெனியும் அதை திருப்ப முடியாது. விக்கிறவனுக்கு அது நெசமாவே ஒரு நிம்மதிதான். ஆனா அதே கதவு நமக்கும் பூட்டிக்கும், நீங்க தப்பான வாலட் (காயின் வைக்கிற டிஜிட்டல் பை) அட்ரஸுக்கு அனுப்பிட்டாலோ, வேற நெட்வொர்க் வாலட்டுக்கு போயிட்டாலோ, யார்கிட்ட போயி கேப்பீக?

அப்புறம், காயின் நம்ம வாலட்டுக்கு வர்றது ஈசி, அது ரூபாயா மாறி செங்கோட்டை மளிகைக் கடைல அரிசி வாங்குற வரைக்கும் உள்ள தூரம்தான் பெருசு. எனக்கே நடந்தது இது. ஒரு தூக்கு விளக்கு வித்து 310 யூஎஸ்டிடி வாங்குனேன், அப்ப இருபத்தி ஆறாயிரம் சொச்சம் ரூபாய். பி டூ பில, அதாவது ஆளுக்கு ஆளு நேரடியா, ஒருத்தருக்கு வித்தேன், அவரு என் பேங்கு அக்கவுண்டுக்கு ரூபாய் போட்டாரு, நானும் காயினை விட்டுட்டேன், எல்லாம் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுட்டு. பதினோராவது நாள் பெட்ரோல் பங்க்ல போன்ல பணம் அனுப்புதேன் போகல, மறுபடி போடுதேன் போகல, பின்னாடி ரெண்டு பைக்கு ஹாரன் அடிக்கான். பேங்குல போயி கேட்டா அக்கவுண்ட் ஃப்ரீஸ். எனக்கு வந்த அந்த ரூபாய் வேற மாநிலத்துல யாரையோ ஏமாத்தி எடுத்த பணமாம், அது மூணு நாலு அக்கவுண்ட் தாண்டி என் அக்கவுண்டுக்கு வந்துருக்கு, அங்க உள்ள சைபர் போலீஸ் வழி நெடுக எல்லா அக்கவுண்டையும் நிறுத்திட்டாக. ஏழு வாரம். மக ஸ்கூல் பீஸ் கட்ட மச்சான்கிட்ட கை நீட்டுனேன். தப்பு எதுவும் பண்ணாத மனுசனுக்கு இந்த கதி, இதை ஒவ்வொரு விக்கிறவன்கிட்டயும் சொல்லணும்னுதான் எழுதுதேன்.

விலை விசயத்துக்கு வருவோம். நீங்க விக்கிற காசே இதுக்கு நல்ல பாடம் தம்பி. நம்ம செங்கோட்டை மொதல்ல திருவிதாங்கூர், பின்னாடி திருவிதாங்கூர்-கொச்சினு 1956 நவம்பர் 1 வரைக்கும் அங்கதான இருந்துச்சு. திருவிதாங்கூர் கணக்குல 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய், ஆக ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனா பிரிட்டிஷ் ரூபாய்னா 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தை கவனிக்காம விட்டவன் சந்தைல நஷ்டப்பட்டுருப்பான். எல்லைல யாவாரம் பண்ணுறவன் விலையை எந்தப் பணத்துல பேசுறோம், கைல எந்தப் பணத்தை வாங்குறோம்னு ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். அப்ப வித்தியாசம் அரைச் சக்கரம், இப்ப பிட்காயின்ல எவ்வளவு தெரியுமா? 2021 நவம்பர்ல ஒரு பிட்காயின் 69,000 டாலர் கிட்ட போச்சு, அடுத்த வருசம் அதே நவம்பர்ல 16,000 டாலருக்கும் கீழ. ஏலம் முடிஞ்சு பார்சல் போயி சேர்ற மூணு வாரத்துக்குள்ள உங்க லாபம் மொத்தமும் கரையலாம். யூஎஸ்டிடி டாலரோட ஒட்டியே ஓடுறதால இந்த ஆட்டம் அதுல கம்மிதான், ஆனா வரியும் பேங்கு தொல்லையும் அதுக்கும் உண்டு.

வரியை ஒரு கணக்கா போட்டு பாத்துருங்க. காசு லாட்டை 20,000 ரூபாய்க்கு பேசி அந்த மதிப்புக்கு காயின் வாங்குறீகன்னு வைங்க. வந்த அன்னிக்கு உள்ள 20,000 உங்க யாவார வரவு, அதை வழக்கம்போல காட்டணும். ஒரு மாசம் வச்சுருந்து 23,000க்கு வித்தா மேல வந்த 3,000க்கு தனியா 30 சதவீதம், அதாவது 900, அதுக்கு மேல 4 சதவீத செஸ் 36, ஆக 936 ரூபாய். 2022 ஏப்ரல்ல இருந்து இதுதான் சட்டம், நீங்க குறைஞ்ச வருமானக்காரரா இருந்தாலும் இந்த லாபத்துக்கு 30தான். விக்கிறப்ப எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விக்கிற சைட்டு) மொத்த தொகைல ஒரு சதவீதம் டீடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) வேற பிடிக்கும், இங்க 230 ரூபாய், அதை ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். இப்ப மாத்தி பாருங்க, காயின் 16,000க்கு இறங்கிட்டு. 4,000 நஷ்டம். அந்த நஷ்டத்தை உங்க பித்தளை யாவார லாபத்துலயும் கழிக்க முடியாது, வேற காயின் லாபத்துலயும் கழிக்க முடியாது, அடுத்த வருசத்துக்கும் கொண்டு போக முடியாது. ஏறுனா பங்கு கேக்காக, இறங்குனா நம்ம பாடு. இது நியாயமான்னு கேட்டா எனக்கு நியாயமா படல, ஆனா சட்டம் இருக்கிற வரைக்கும் அதுபடிதான் கணக்கு எழுதணும்.

இன்னொன்னு, நீங்க பண்ணுறது ஏற்றுமதி தம்பி. ஒரு கிண்டினாலும் ஏற்றுமதிதான். வெளிநாட்டுக்கு வித்த பொருளுக்கு பணம் பேங்கு வழியா வந்து சேரணும், அதுக்கு பேப்பர் இருக்கணும். பிட்காயின், யூஎஸ்டிடி மாதிரி கிரிப்டோ எதுவும் நம்ம சட்டத்துல கரன்சி இல்ல, வர்ச்சுவல் டிஜிட்டல் அசெட்னு ஒரு சொத்து, அவ்வளவுதான். வாலட்ல வந்துட்டுன்னு சொன்னா எந்த பேங்கும் உங்களுக்கு வரவு சர்டிபிகேட் தராது.

நீங்க எந்த சைட்னு எழுதல, அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச ஈபேயை வச்சு சொல்லுதேன். அங்க பணம் கட்டுற வழிகள்ல கிரிப்டோ கிடையாது, சைட்ல பாத்த ஆளை வெளிய கூட்டிட்டு போயி விக்கிறதும் விதிக்கு விரோதம், அக்கவுண்டையே மூடலாம். மூணு வருசமா ஒவ்வொண்ணா சேத்த ஃபீட்பேக்கு, அதை பாத்துதான முகம் தெரியாத ஆளு உங்களை நம்பி ஏலம் கேக்கான், ஒரு லாட்டுக்காக அதை பணயம் வைக்காதீக. ஜெர்மன்காரரை ஏலத்துக்குள்ளயே கூப்பிடுங்க. நெசமாவே சக்கரக் காசு சேக்குற ஆளா இருந்தா வருவாரு.

திருப்பி எடுக்கிற தொல்லைக்கு என்ன செய்யலாம்னு கேப்பீக. கையெழுத்து வாங்கிட்டு குடுக்கிற மாதிரி, ட்ராக்கிங் உள்ள பார்சலாவே அனுப்புங்க. பேக் பண்ணுறதுக்கு முன்னாடி தராசுல வச்சு எடை தெரிய ஒரு போட்டோ, ஒட்டுன பிறகு ஒண்ணு, கீறல் ஒடிசல் எங்க இருக்கோ அதை கிட்ட வச்சு ஒண்ணு. ரசீதை தூக்கிப் போடாதீக. அவன் புகார் குடுத்தா சைட்டுல இருந்து உங்களுக்கு மெயில் வரும், பதில் சொல்ல தர்றது கொஞ்ச நாள்தான், அன்னிக்கே பதில் போட்டுருங்க. சாட்சி இருந்தும் அந்த மெயிலை பாக்காம விட்டா தோத்துப் போவீக.

காசுல உள்ள வருசத்தையும் பாருங்க. கொல்லம் ஆண்டு 1114னு இருந்தா 1938-39, அது பரவால்ல. நூறு வருசம் தாண்டின காசு, விளக்கு, சிலை எல்லாம் 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், அதை தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. இதுல தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லி தப்ப முடியாது.

கேள்வி: கிரிப்டோ வச்சுருந்தாலே போலீஸ் பிடிக்கும்னு கொல்லத்துல இருக்கிற எங்க அத்தான் சொல்லுதாவ. நான் ஆன்லைன்ல பழைய கேமரா விக்கிறவன், ஒருத்தர் கொஞ்சம் பிட்காயின் தந்துருக்காரு. பயமா இருக்கு. – செங்கோட்டை வாசகர்

பதில்: பயப்படாதீக. வச்சுருக்கிறது குத்தம் இல்ல. 2018 ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் ஒரு சர்க்குலர் போட்டு, கிரிப்டோ பக்கம் யாருக்கும் சேவை குடுக்காதீகன்னு பேங்குகளுக்கு சொல்லுச்சு, அத்தான் மனசுல அந்த காலம் நிக்குது போல. 2020 மார்ச் 4ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிட்டு. 2023 மார்ச்ல இருந்து எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடி தடுப்பு சட்டத்துக்குள்ள வந்தாச்சு, நிதி உளவுப் பிரிவுல பதிவு பண்ணணும். அதனால மாத்தணும்னா பதிவு பண்ணுன எக்ஸ்சேஞ்சுலயே மாத்துங்க, முகம் தெரியாத ஆளுகிட்ட பி டூ பி வேண்டாம். மாத்துனதும் ரூபாயை பேங்குக்கு எடுத்துருங்க, எக்ஸ்சேஞ்சுல சேத்து வைக்காதீக, 2024 ஜூலைல வசீர்எக்ஸ்ல இருந்து 23 கோடி டாலர் அளவுக்கு திருடு போயி ஜனங்க எம்புட்டு நாள் தவிச்சாகன்னு பாத்தோம்ல. எந்த கேமராவுக்கு எந்த தேதில எவ்வளவு காயின் வந்துச்சு, அன்னிக்கு ரூபாய் மதிப்பு என்னன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, ரிட்டர்ன்ல அதுக்குன்னு தனி அட்டவணை இருக்கு.

கேள்வி: அண்ணா, நான் களியக்காவிளை. அப்பா சேத்து வச்ச திருவிதாங்கூர் அஞ்சல் ஸ்டாம்ப்ல கொஞ்சத்தை ஏலத்துல போட்டேன், எல்லாம் 1940க்கு மேல உள்ளது. ஜெயிச்சவரு 150 டாலருக்கு பதிலா 1,500 யூஎஸ்டிடி தவறுதலா அனுப்பிட்டேன், மிச்சத்தை திருப்பி அனுப்பு, ஆஸ்பத்திரி செலவுக்கு வச்சிருந்த பணம்னு அழுற மாதிரி வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாரு. வாலட்ல 1,500ன்னு காட்டுது. இன்னும் ஸ்டாம்ப் அனுப்பல. பாவமா இருக்கு, திருப்பிடவா?

பதில்: தங்கச்சி, ஒரு காயின்கூட அனுப்பாதீங்க. நிறுத்துங்க.

உங்க வாலட்ல காட்டுற அந்த 1,500 நெசமான யூஎஸ்டிடியான்னு மொதல்ல பாக்கணும். யாரு வேணும்னாலும் ஒரு டோக்கன் செஞ்சு அதுக்கு யூஎஸ்டிடின்னு பேரு வைக்கலாம், பேரும் ஒண்ணு, படமும் ஒண்ணு, மதிப்பு சைபர். கண்டுபிடிக்கிற வழி அதோட கான்ட்ராக்ட் அட்ரஸ்தான், அதாவது அந்த டோக்கனோட தனி அடையாளம். வாலட்ல அந்த வரவை தொட்டா ட்ரான்சாக்ஷன் ஐடி வரும், அதை காப்பி பண்ணி, நீங்களே தேடி போன எக்ஸ்ப்ளோரர்ல (பரிமாற்றங்களை யாரும் பாக்கக்கூடிய சைட்டு) போட்டு பாருங்க. உங்க அட்ரஸ் டி எழுத்துல ஆரம்பிச்சா ட்ரான் நெட்வொர்க்கு, சைபர் எக்ஸ்ல ஆரம்பிச்சா ஈத்தரியம் வகை. அங்க காட்டுற கான்ட்ராக்ட் அட்ரஸை, யூஎஸ்டிடியை வெளியிடுற டெதர் கம்பெனி அவங்க சைட்ல போட்டுருக்கிற அட்ரஸோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க, மொத நாலு எழுத்து கடைசி நாலு எழுத்து மட்டும் பாத்துட்டு விடாதீங்க, அது ரெண்டும் ஒத்துப் போற மாதிரியே கள்ள அட்ரஸ் செய்யுறாங்க. அவரு அனுப்புன லிங்க்கை மட்டும் தொடவே தொடாதீங்க. பணத்தை விடுவிக்க ஃபீஸ் கட்டணும், பன்னெண்டு வார்த்தையை அனுப்பு நான் சரி பண்ணித் தாரேன்னு அடுத்து கேப்பாரு. அந்த வார்த்தைகள்தான் உங்க வாலட்டோட சாவி, அதை போட்டோவா கூட போன்ல வைக்காதீங்க.

ஒருவேளை நெசமான யூஎஸ்டிடியாவே இருந்தாலும் திருப்பி அனுப்பாதீங்க. அது யாருகிட்ட இருந்து திருடுனதோ, உங்க வாலட் வழியா சுத்தி விடப் பாக்காங்க. தொடாம அப்படியே கிடக்கட்டும். வாய்ஸ் மெசேஜ், சாட்டு எதையும் அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு, ஏல சைட்ல இந்த ஆளை ரிப்போர்ட் பண்ணுங்க. உங்க கைல இருந்து ஏற்கனவே ஏதாச்சும் போயிருந்தா அந்த நிமிசமே 1930க்கு போன் பண்ணுங்க, தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதிஞ்சுருங்க, மொத கொஞ்ச மணி நேரத்துல சொன்னாத்தான் எதையாவது பிடிச்சு நிறுத்த முடியும்.

அப்பா ஸ்டாம்பை கவரோட பீரோவுலயே வைங்க. பிசுக்கு ஒட்டாம, ஈரம் படாம. அடுத்த தடவ ஏலத்துல போடுறப்ப சங்கு முத்திரை தெளிவா தெரியுற மாதிரி பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து போடுங்க, பணம் கட்டுற இடத்துல சைட்டு தர்ற வழியைத் தவிர வேற எதையும் எழுதாதீங்க.