பிக்-அப் ஆர்ட்டிஸ்ட் குழுக்கள்: தோற்றமும் தாக்கமும் – கேள்வி பதில்

கேள்வி: பெண்களைக் கவரும் வித்தையைக் கற்பிப்பதாகச் சொல்லும் ‘பிக்-அப் ஆர்ட்டிஸ்ட்’ குழுக்கள் இணையத்தில்தான் தோன்றினவா?

பதில்: இணையத்துக்கு முன்பே அமெரிக்காவில் இத்தகைய கையேடுகள் விற்பனையாயின, 1970-இல் எரிக் வெபர் எழுதியது அவற்றுள் பெயர்பெற்றது. ஆனால் தனித்தனி வாசகர்களை ஒரு கூட்டமாகத் திரட்டியது இணையம்தான். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ராஸ் ஜெஃப்ரிஸ், நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங் என்ற பேச்சு உத்தியை அடிப்படையாகக் கொண்டு ஒரு முறையை விற்றுவந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் 1990களில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத அமைப்பின் குழுவொன்றில் கூடினார்கள். எந்தப் பெண்ணிடம் என்ன பேசினோம், அவள் என்ன பதில் சொன்னாள் என்று களஆய்வு அறிக்கைபோல எழுதிப் பகிரும் வழக்கமும், வெளியாருக்குப் புரியாத கலைச்சொற்களும் அங்கேதான் வேரூன்றின.

கேள்வி: அந்தப் பேச்சு உத்திக்கு அறிவியல் ஆதாரம் உண்டா?

பதில்: நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவர் ஒருவர்): இந்த உத்திகளால் தான் பயனடைந்ததாக என் நண்பர் உறுதியாகச் சொல்கிறார். அது பொய்யா?

பதில்: உங்கள் நண்பர் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. கூச்சத்தால் யாரிடமும் பேசாதிருந்த ஒருவர், நன்றாக உடுத்திக்கொண்டு, பலரிடம் வலியச் சென்று பேசத் தொடங்கினால், அவர்களுள் சிலராவது முகம்கொடுத்துப் பேசுவார்கள். அந்தப் பலன் பழக்கத்தால் வந்ததே தவிர உத்தியால் வந்ததன்று. தோல்விகளைவிட வெற்றிகளையே ஆர்வமாக எழுதும் இடத்தில் எந்த உத்தியும் பலிப்பதுபோலத்தான் தெரியும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பாராட்டுபோலத் தொனிக்கும் சிறு இழிவுரையால் பெண்ணின் தன்னம்பிக்கையைக் குலைப்பதற்கு ‘நெகிங்’ என்று பெயர் வைத்தார்கள். அதைவிடக் கொடியது, நெருக்கத்தின் இறுதிக் கட்டத்தில் பெண் தயங்கினாலோ மறுத்தாலோ அதற்குக் ‘கடைசி நேர எதிர்ப்பு’ எனப் பெயரிட்டு, அதைக் கடந்துசெல்ல வழிமுறைகளைக் கற்பித்தது. ஒருவர் வேண்டாம் என்று சொல்வதைத் தீர்வு காணவேண்டிய சிக்கலாகப் பார்க்கப் பழகிவிட்டவருக்கு, சம்மதம் என்பது என்னவென்றே விளங்காமல் போகும். மற்ற உத்திகளை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடலாம்; இதை அப்படி ஒதுக்க முடியாது.

கேள்வி: இது பொதுமக்களிடம் எப்படிப் பரவியது?

பதில்: பத்திரிகையாளர் நீல் ஸ்ட்ராஸ் இக்குழுக்களுக்குள் புகுந்து, ‘மிஸ்டரி’ என்ற புனைபெயர் கொண்ட பயிற்சியாளரிடம் பழகி, 2005-இல் ‘தி கேம்’ என்ற நூலை வெளியிட்டார், அது பெருமளவில் விற்றது. 2007-இல் மிஸ்டரியை முன்னிறுத்தித் தொலைக்காட்சி நிகழ்ச்சியே வந்தது. வார இறுதிப் பயிற்சி முகாம்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் பெருகின. அவற்றுள் ஒன்றின் பயிற்சியாளரான ஜூலியன் பிளாங்க், பெண்களிடம் பலவந்தமாக நடந்துகொள்ளும் காணொளிகளால் எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2014-இல் ஆஸ்திரேலியாவில் விசா ரத்தாகி வெளியேற நேர்ந்தது. பிரிட்டனும் அவரை அனுமதிக்க மறுத்தது. ஸ்ட்ராஸ் பிற்காலத்தில் அந்த வாழ்க்கையிலிருந்து விலகி, 2015-இல் தன்னையே விசாரணைக்கு உட்படுத்தும் நூலொன்றை எழுதினார்.

கேள்வி: விரும்பியும் துணை கிடைக்காதவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ‘இன்செல்’ குழுக்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நேர்கோட்டில் அல்ல. ‘இன்செல்’ என்ற சொல் 1990களில் கனடாவில் ஒரு பெண் தொடங்கிய ஆதரவுக் குழுவில் பிறந்தது. அதில் வெறுப்பு இல்லை. பின்னாளில், பணம் கட்டி ஏமாந்த ஆண்கள் பயிற்சியாளர்களைத் திட்டுவதற்கென்றே ஒரு தளத்தில் கூடினார்கள். எந்த உத்தியும் பலிக்காது, முகமும் உயரமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்ற விரக்தி அங்கே பெண்கள்மீதான வெறுப்பாகத் திரிந்தது. 2014 மே மாதம் கலிஃபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஆறு பேரைக் கொன்ற இளைஞன் அத்தளத்தில் எழுதிவந்தவன். பயிற்சியாளர்களை வெறுத்தவர்களும், பெண் என்பவள் வென்றெடுக்கவேண்டிய பொருள் என்ற அவர்களுடைய அடிப்படை எண்ணத்தைக் கைவிடவில்லை.

கேள்வி (ஒரு தாய்): என் மகன் இத்தகைய காணொளிகளைப் பார்க்கிறான். தடுக்கவேண்டுமா?

பதில்: தடுத்தால் மறைவாகப் பார்ப்பான், அம்மா. அவனை அங்கே இழுத்தது பெரும்பாலும் தனிமையாகவும் தாழ்வு மனப்பான்மையாகவும் இருக்கும். முதலில் அதைப் பற்றிப் பேசுங்கள், கேலி மட்டும் வேண்டாம். பிறகு அவன் விரும்பும் காணொளி ஒன்றை உடன் அமர்ந்து பார்த்து, அதில் வரும் பெண் மறுத்தால் பயிற்சியாளர் என்ன செய்யச் சொல்கிறார் என்று அவனிடமே கேளுங்கள்.