வீட்டில் பல் சோப்பு: அளவு, செய்முறை, அதில் இல்லாத ஒரு பொருள்

கேள்வி: கடைப் பற்பசையில் உள்ள கிளிசரின் பல்லின்மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது, பல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள விடுவதில்லை என்று படித்தேன். நுரைக்காகச் சேர்க்கும் எஸ்.எல்.எஸ். (சோடியம் லாரில் சல்பேட்) வாய்ப்புண்ணைக் கிளப்பும் என்றும் சொல்கிறார்கள். அதனால் தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் வைத்து வீட்டிலேயே பல் சோப்பு செய்ய நினைக்கிறேன். குளியல் சோப்பைச் சீவிக்கொண்டால் போதுமா, புதிதாகச் செய்ய வேண்டுமா? அளவு என்ன? தினமும் அதை மட்டுமே வைத்துப் பல் தேய்க்கலாமா?

பதில்: கிளிசரின் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். கிளிசரின் தண்ணீரில் முழுதாகக் கரையும் பொருள். எச்சிலிலும், வாய் கொப்பளிக்கும்போதும் கரைந்து போய்விடும். பல்லில் படலமாக நிற்பது அதன் குணத்திலேயே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேரும்போது உண்டாகும் பொருள்கள் இரண்டு: ஒன்று சோப்பு, மற்றொன்று கிளிசரின். 100 கிராம் எண்ணெய்க்கு ஏறத்தாழ 10 முதல் 14 கிராம் கிளிசரின் உருவாகும். பெரிய ஆலைகள் பெரும்பாலும் அதைப் பிரித்தெடுத்து விற்றுவிடும். வீட்டுச் சோப்பில் அத்தனையும் உள்ளேயே தங்கும். கிளிசரினுக்குப் பயந்து பல் சோப்பு செய்பவர், கிளிசரின் கலந்த சோப்பைத்தான் செய்து முடிப்பார்.

எஸ்.எல்.எஸ். பற்றிய பேச்சில் உண்மை உண்டு. அடிக்கடி வாய்ப்புண் வரும் சிலருக்கு, அது இல்லாத பற்பசைக்கு மாறினால் புண் வருவது குறைகிறது. ஆனால் சோப்பும் அதே வகை நுரைப்பொருள்தான். அதிலும் தேங்காய் எண்ணெய் சோப்பு எண்ணெய்ப்பசையை அடியோடு வழித்தெடுக்கும், உள்கன்னத்தின் மெல்லிய தோலை அது சும்மா விடாது. உங்களுக்கு வாய்ப்புண் மட்டும்தான் காரணம் என்றால், எஸ்.எல்.எஸ். இல்லாத ஃபுளோரைடு பற்பசையை வாங்குவதே குறுக்கு வழி.

இதற்குப் பிறகும் செய்து பார்க்க ஆசை என்றால் தாராளமாகச் செய்யலாம். பல்லுக்குச் சோப்பு புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை பற்பசைகளில் நுரைக்குச் சேர்த்ததே சோப்புதான், தேய்ப்பதற்குச் சுண்ணாம்புக்கல் தூள். பிறகுதான் சோப்பின் இடத்தை எஸ்.எல்.எஸ். பிடித்தது. கடின நீரிலும் நுரைக்கும், சோப்பு வாடையும் இல்லை என்பவை அதற்கு உதவின.

குளியல் சோப்பு வேண்டாம்

சாதாரணக் குளியல் சோப்பில் வாசனைக் கலவை, நிறம், வெண்மைக்கான பொருள் எல்லாம் இருக்கும். அவை தோலுக்கென்று சேர்க்கப்பட்டவை, வாய்க்கென்று அல்ல. காஸ்டிக் சோடாவைக் கையாள விருப்பமில்லாதவர்கள், பொருள் பட்டியலில் ஆலிவ் எண்ணெய் சோப்பு, தேங்காய் எண்ணெய் சோப்பு, தண்ணீர் ஆகிய மூன்று மட்டுமே உள்ள மணமற்ற கட்டியைத் தேடி வாங்கிச் சீவிக்கொள்ளலாம். பலருக்கு இதுவே போதும். நேராக 'கட்டியா, பேஸ்ட்டா' பகுதிக்குப் போய்விடலாம்.

புதிதாகச் செய்ய

ஆலிவ் எண்ணெய் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) 71 கிராம், காய்ச்சி வடித்த நீர் 142 கிராம். எல்லாவற்றையும் எடை போட வேண்டும். கரண்டி, டம்ளர் கணக்கு இங்கே ஆகாது.

71 வந்த கணக்கைத் தெரிந்துகொண்டால் அளவை மாற்றவும் முடியும். ஒரு கிராம் ஆலிவ் எண்ணெயைச் சோப்பாக்க 0.135 கிராம் காஸ்டிக் சோடா, ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் வேண்டும். 350ஐயும் 150ஐயும் அவற்றால் பெருக்கிக் கூட்டினால் 74.7. அதில் 5 சதவீதத்தைக் குறைத்தால் 71. இப்படிக் குறைப்பதால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும், காரம் (அதாவது காஸ்டிக் சோடா) மிஞ்சாது. சோப்பு செய்பவர்கள் இதைச் 'சூப்பர்ஃபேட்' என்பார்கள். வாய்க்குள் போகும் சோப்பில் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்காதீர்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேறு பொருள், அதற்கு 1.4 மடங்கு எடை வேண்டும். சோப்பும் கட்டியாகாமல் குழம்பாகவே நிற்கும்.

பல் தேய்க்க அரைக் கிலோ எண்ணெய் எதற்கு என்று தோன்றும். காரணம் தராசு. ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசில் அரை கிராம், ஒரு கிராம் பிசகுவது இயல்பு. 500 கிராம் எண்ணெயில், குறைத்த அந்த 5 சதவீதம் 3.7 கிராம் காப்பு இடைவெளியாக இருப்பதால் அந்தப் பிசகு ஒன்றும் செய்யாது. 100 கிராம் எண்ணெயில் செய்தால் இடைவெளி வெறும் 0.75 கிராம். தராசின் ஒரே தாவல் அதை விழுங்கிவிடும், சோப்பில் காரம் மிஞ்சும், ஈறு வெந்துபோகும். சின்ன அளவில் செய்து பார்ப்பதுதான் பாதுகாப்பு என்ற நினைப்பு இந்த வேலையில் தலைகீழ். மிச்சமுள்ள கட்டிகளைக் கை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் 30 சதவீதம் மட்டும் இருப்பதற்கும் காரணம் உண்டு. நுரையும் கெட்டித்தன்மையும் அதிலிருந்து வருகின்றன, எரிச்சலும் அதிலிருந்தே வருகிறது. ஆலிவ் எண்ணெய் சோப்பு மென்மையானது. அதை மட்டும் வைத்துச் செய்தால் வழவழவென்று மூக்குச்சளி போல நூலிழுக்கும், வாய்க்குள் அதைப் பலரால் சகிக்க முடியாது.

காஸ்டிக் சோடா 98 சதவீதத்துக்குக் குறையாத தூய்மை உள்ளதாக இருக்கட்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூளில் அலுமினியத் துண்டு முதலிய வேறு பொருள்கள் கலந்திருக்கலாம், அது கூடாது. எவர்சில்வர் பாத்திரமோ வெப்பம் தாங்கும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் ஜாடியோ எடுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணுக்குக் கவசக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். சன்னல் திறந்திருக்கட்டும்; குழந்தைகள், வீட்டு விலங்குகள் பக்கத்தில் வேண்டாம்.

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளற வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் 80, 90 டிகிரி வரை சூடேறும், ஆவி மூக்கை அடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், வினிகர் ஊற்றிச் 'சமன்' செய்யப் போகாதீர்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து விடாமல் கழுவியபடி மருத்துவ உதவி தேட வேண்டும்.

எண்ணெய்க் கலவை, காரக் கரைசல் இரண்டும் 40 டிகிரி அளவுக்கு வந்ததும், கரைசலை எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு அடியுங்கள். மேலே ஊற்றிய துளி உடனே மறையாமல் கோலமாக நிற்கும் பதம் வர வேண்டும். இதற்குச் சோப்புக்காரர்கள் வைத்த பெயர் 'டிரேஸ்'. ஆலிவ் அதிகம் என்பதால் கொஞ்சம் தாமதமாகும், பொறுமையிழந்து அரைகுறையாக நிறுத்தினால் அச்சில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். பதம் வந்ததும் அச்சில் ஊற்றி மூடுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் வெட்டலாம், அதுவரை கையுறை உண்டு. பிறகு காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கி 6 வாரம் காய விடுங்கள். 4 வாரத்திலேயே கை கழுவ ஆகும். வாய்க்கு 6 வாரம் பொறுப்பது நல்லது, தண்ணீர் வற்றி, நுரையும் மென்மையும் கூடியிருக்கும்.

பயன்படுத்துவதற்கு முன் ஒரு சோதனை. ஈரவிரலைக் கட்டியில் தேய்த்து, அந்த நுரையை நாக்கு நுனியில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் சரி. மின்கலத்தைத் தொட்டதுபோல் சுரீர் என்றால் காரம் மிஞ்சியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் அந்தத் தொகுதி வாய்க்கு ஆகாது. நல்ல சோப்பின் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு; 7 என்றால் நடுநிலை) 9 முதல் 10 வரை இருக்கும். அதை 7க்குக் கொண்டுவருகிறேன் என்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்தால் சோப்பு முறிந்து கொழுப்பமிலமாகத் திரிந்துபோகும்.

கட்டியா, பேஸ்ட்டா

எங்கள் ஓட்டு கட்டிக்கு. ஈரமான மென்தூவி பிரஷை இரண்டு, மூன்று முறை கட்டியில் இழுத்தால் போதும், அல்லது சீவலில் அரிசியளவு ஒரு துணுக்கு. முதல் நாளே குமட்டுகிறது என்பவர்கள் பெரும்பாலும் பட்டாணியளவு எடுத்தவர்கள். ஒருவர் பிரஷ் தொட்ட கட்டியை மற்றவர் தொட வேண்டாம், ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

பேஸ்ட்தான் வேண்டும் என்றால்: சீவிய சோப்பு 8 கிராமைச் சூடான 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் கூழாகியிருக்கும். அதில் உண்ணும் தரமுள்ள, மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் 30 கிராம், சைலிட்டால் 10 கிராம், புதினா வகை பெப்பர்மின்ட் எண்ணெய் 5 சொட்டு சேர்த்துக் குழையுங்கள். சைலிட்டால் சோப்பின் கசப்பை மறைக்கும், சொத்தைக் கிருமிகளுக்கு உணவாகாது. ஆனால் நாய்க்கு அது கொடிய நஞ்சு, எட்டாத இடத்தில் வையுங்கள்.

குழாய்த் தண்ணீரில் கரைத்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகும். பல் தேய்த்தபின் வாஷ்பேசினிலும் பல்லிலும் தெரியும் மங்கலான படலமும் இதுவே. பேக்கிங் சோடா சேர்ப்பதாக இருந்தால் இந்த அளவுக்கு 2 கிராம் தாண்ட வேண்டாம். உப்புத்தன்மை ஏற ஏற, சோப்பு கூழிலிருந்து பிரிந்து குருணையாகத் திரளும். சோடா கலந்ததும் பேஸ்ட் கெட்டுவிட்டது என்பவர்களுக்கு நடப்பது இதுதான். கரித்தூள் பல்லின் மேலோடான எனாமலைத் தேய்க்கும். களிமண் தூளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. லவங்கப்பட்டை எண்ணெய் வாய்த்தோலை எரிக்கும், வின்டர்கிரீன் எண்ணெய் சிறிதளவு விழுங்கினாலே குழந்தைகளுக்கு ஆபத்து. இவை நான்கும் வேண்டாம்.

தண்ணீர் சேர்ந்த பேஸ்ட் கெடும். சோப்பின் காரத்தன்மை கிருமிகளைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. குளிர்பெட்டியில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுத்து, இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். கட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. காலப்போக்கில் ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால் மிஞ்சிய எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள், அப்போது எறிந்துவிடலாம்.

அதை மட்டுமே வைத்துத் தேய்க்கலாமா?

அழுக்குப் படலத்தை எடுப்பது முக்கியமாகப் பிரஷும் உங்கள் கையும்தான். 45 டிகிரி சாய்த்து ஈறு விளிம்பில் இரண்டு நிமிடம் தேய்த்தால், நுரை எதுவானாலும் பல் சுத்தமாகும். தேநீர், காபிக் கறை மட்டும் வெறும் சோப்புக்கு மசியாது. அதற்குத்தான் கால்சியம் கார்பனேட்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வாயில் பி.எச். 5.5க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். எச்சில் அவற்றைத் திரும்பப் பூசும். ஃபுளோரைடு இருந்தால் அந்தப் பூச்சு வேகமாக நடக்கும், புதிதாகப் படியும் பகுதி முன்பைவிடக் கடுமையான அமிலத்தைத் தாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது இதனால்தான். சோப்பில் இந்த வேலைக்கு ஆளில்லை. அதன் காரத்தன்மை சில நிமிடங்களில் எச்சிலில் கரைந்து போய்விடும்.

வீட்டிலேயே ஃபுளோரைடு உப்பை வாங்கிக் கலக்கலாமே என்று எண்ண வேண்டாம். சாதாரணப் பற்பசையில் ஒரு கிராமுக்கு ஃபுளோரைடு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இராது. அந்த அளவைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது, பிசகினால் நஞ்சு. கால்சியம் கார்பனேட்டோடு சோடியம் ஃபுளோரைடு சேர்ந்தால் பெரும்பகுதி கரையாத கால்சியம் ஃபுளோரைடாகி வீணும் ஆகும்.

ஆகவே காலையில் சோப்பு, இரவு படுக்கும் முன் 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் துப்பியதோடு விட்டுவிடுங்கள், கொப்பளிக்காதீர்கள். கடைப் பற்பசையே ஒத்துக்கொள்ளாதவர்கள் 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு கொப்பளிப்பானைப் பல் தேய்க்காத ஒரு நேரத்தில் பயன்படுத்தலாம். சொத்தை அடிக்கடி வருபவர்கள், ஈறு இறங்கி வேர் தெரிபவர்கள், வாய் உலர்வு உள்ளவர்கள், பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இரண்டு வேளையும் ஃபுளோரைடு பற்பசையே வேண்டும். சோப்புக்கு மாறிய சில நாளில் உள்கன்னத்தில் வெள்ளைத் தோல் உரிந்தாலோ ஈறு எரிந்தாலோ அன்றே நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் பல் மருத்துவரிடம் போகும்போது அந்தக் கட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.