தீர்ப்பு வர்ற வரைக்கும் எப்படி ஓட்டறது?

கேள்வி: நாங்க அமெரிக்காவுல, நார்த் கரோலினாவுல இருக்கோம். பக்கத்து வீட்டு அங்கிள் முன்னாள் மரைன் (கடற்படையோட சேர்ந்த படை வீரர்), 1985-ல இங்க இருக்கற கேம்ப் லெஜூன்ங்கற படை முகாம்ல எட்டு மாசம் இருந்தவரு. 2019-ல கிட்னி கேன்சர்னு சொல்லிட்டாங்க. கேம்ப் தண்ணியாலதான் வந்துச்சுன்னு கேஸ் போட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப ஒரு கம்பெனி 10,000 டாலர் தர்றேங்குது, ஜெயிச்சா வட்டியோட குடுங்க, தோத்தா வேணாமாம். அக்ரிமென்ட்டை மாத்திரை டப்பாவுக்கு அடியில மடிச்சு வச்சுக்கிட்டு, கையெழுத்து போடலாமாம்மான்னு என்கிட்ட கேக்கறார். என்ன சொல்லட்டும்?

பதில்: இன்னிக்கு போட வேணாம்னு சொல்லுங்கம்மா. முதல்ல அந்த பேப்பர்ல மாச வட்டி எவ்வளவு, கூட்டு வட்டியா தனி வட்டியான்னு பாருங்க. மாசம் 3 சதவீதம் கூட்டு வட்டின்னு வச்சுக்கங்க, 10,000 மூணு வருஷத்துல கிட்டத்தட்ட 29,000 ஆகிடும், நாலு வருஷம் இழுத்தா 41,000-ஐத் தாண்டிரும். தோத்தா வேணாங்கறது சரிதான், ஆனா ஜெயிச்சா வக்கீலுக்கும் கம்பெனிக்கும் போக மிச்சம்தானே அவர் கைக்கு வரும்.

கேஸ் இழுக்கறதுல அவர் தப்பு ஒண்ணுமே இல்ல, அதான் எனக்கு வயிறு எரியுது. 1953-லேர்ந்து 1987 வரைக்கும் அந்த தண்ணில டிரைக்குளோரோஎத்திலீன், பென்சீன்னு கேன்சர் வரவைக்கற ரசாயனமெல்லாம் கலந்திருந்துச்சு, குழந்தைங்களும் அதைத்தான் குடிச்சுதுங்க. பத்து வருஷம் தாண்டினா கேஸ் போட முடியாதுங்கற அந்த மாநில சட்டத்தால பழைய கேஸ் எல்லாம் அடிபட்டுப் போச்சு, 2022 ஆகஸ்ட்ல தனியா ஒரு சட்டம் வந்தப்புறம்தான் கதவே திறந்துச்சு. அதுக்கப்புறம் கடற்படைகிட்ட நாலு லட்சத்துக்கு மேல கிளெய்ம், கோர்ட்டுக்குப் போனதை எல்லாம் பாக்கறதுக்கு ஒரே ஃபெடரல் கோர்ட்டோட நாலு ஜட்ஜ்.

அதனால கடனுக்கு முன்னாடி, அவருக்கு ஏற்கனவே சேர வேண்டியது வந்துச்சான்னு பாருங்க. அந்த கேம்ப்ல 30 நாள் இருந்திருந்தாலே, கிட்னி கேன்சர் சர்வீஸால வந்ததுதான்னு முன்னாள் படைவீரர் துறை 2017-லேர்ந்து ஏத்துக்குது, மாசாமாசம் வரி இல்லாத பணம். அப்ளை பண்ணலைன்னா "அப்ளை பண்ணப் போறேன்"னு ஒரு ஃபார்ம் இன்னிக்கே குடுத்துட சொல்லுங்க, ஒரு வருஷத்துக்குள்ள மீதியை முடிச்சா அந்த தேதிலேர்ந்தே கணக்கு வச்சுக்குவாங்க. அங்கீகாரம் உள்ள படைவீரர் சங்கத்துல இதை இலவசமாவே எழுதித் தருவாங்க. இன்னொண்ணு, அந்த மாசப் பணத்தை எழுதி வாங்கிக்க எந்த கம்பெனிக்கும் சட்டத்துல உரிமை இல்ல.

அடுத்தது, 2023-ல அரசாங்கம் சீக்கிரம் முடிச்சுக்கறதுக்கு ஒரு வழி கொண்டு வந்துச்சு. கேம்ப்பை விட்டு 35 வருஷத்துக்குள்ள, அதுவும் 2022 ஆகஸ்டுக்கு முன்னாடியே கண்டுபிடிச்ச கிட்னி கேன்சர், ஒரு வருஷத்துக்குக் கம்மியா கேம்ப்ல இருந்திருந்தா 150,000 டாலர். கேஸ் போட்டவங்களுக்கு வக்கீல் ஃபீஸ் 25 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, ஆக ஃபீஸ் போக 112,500-ஆவது நிக்கும், மாசப் பணத்திலயும் கை வைக்க மாட்டாங்க. இதுவே கோர்ட்ல ஜெயிச்சா, அந்த நோய்க்காக ஏற்கனவே வாங்கினதை கழிச்சுக்குவாங்க. ஆனா இதை வாங்கினா கேஸ் அதோட முடிஞ்சுது, ஆஃபர் வந்தா 60 நாளுக்குள்ள பதில் சொல்லணும், அதனால அவர் வக்கீலோட உக்காந்து யோசிச்சுதான் முடிவு பண்ணணும்.

வக்கீலே செலவுக்கு கடன் குடுக்க மாட்டாராங்கறீங்களா, கேஸ் செலவைத் தவிர வீட்டுச் செலவுக்கு அவர் கடன் தர தொழில் விதி விடாது. அதனாலதான் இந்த கம்பெனிங்களுக்கு இடம் கிடைக்குது. தாமதம் அரசாங்கத்தோடது, வட்டி நோயாளியோடதா? விசாரணை முடியற வரைக்கும் இடைக்கால உதவின்னு மாசம் ஒரு தொகை அரசாங்கமே குடுக்கணும், கடைசில வர்ற நஷ்டஈட்டுல கழிச்சுக்கட்டும், வட்டி இல்லாம. நான் நியாயம்னு நினைக்கறது இதைத்தான்.

இத்தனைக்கும் அப்புறமும் வழியே இல்லைன்னா, 10,000 வேணாம், ரெண்டு மாசத்துக்கு என்ன தேவையோ அது மட்டும் தனி வட்டில, "எத்தனை வருஷம் ஆனாலும் இவ்வளவுக்கு மேல கேக்க மாட்டோம்"னு எழுத்துல வாங்கிக்கிட்டு. அதையும் வக்கீல் ஒரு தடவை படிக்கட்டும். முடிஞ்சா நீங்களும் கூடப் போங்கம்மா, உடம்பு முடியாதவரு அத்தனை பக்கத்தைத் தனியா எப்படிப் படிப்பாரு.