எக்ஸ்டென்ஷன் மடலில் கோழிக்குஞ்சுச் செய்திக்கு ஏன் அவ்வளவு இடம்?

கேள்வி: எங்கள் கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்திலிருந்து மாதாமாதம் செய்தி மடல் வருகிறது. விவசாயத் தகவலைவிட 4-எச் கிளப் பிள்ளைகள் வாங்கிய ரிப்பன், கோப்பைச் செய்திகள்தான் அதிகம். ஏன் அப்படி? அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளை இதில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எக்ஸ்டென்ஷன் என்பது மாநிலப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வைத்திருக்கும் விவசாய ஆலோசனை அலுவலகம், 4-எச் அது பிள்ளைகளுக்காக நடத்தும் கிளப். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலேயே வந்துவிடும்.

நாங்கள் வடக்கு அலபாமாவில், ஹன்ட்ஸ்வில்லை ஒட்டி இருக்கிறோம். போன வருடக் கடைசியில் வந்த மடலில் என் மகள் பெயர் ஒரே ஒரு வரியில் வந்தது: சிக் செயின், நீல ரிப்பன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆறு மாத உழைப்பு இருக்கிறது.

சிக் செயின் என்பது இதுதான். வசந்தகாலத்தில் கவுண்டி அலுவலகம் பிறந்து ஓரிரு நாளே ஆன பெட்டைக் குஞ்சுகளை மொத்தமாக வரவழைத்து, பதிவு செய்த பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அவர்கள் வளர்த்து, முட்டை வைக்கும் பருவம் நெருங்கும்போது, தேர்ந்த கோழிகளைக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். நடுவர் பார்த்து முடித்ததும் ஏலம். அந்தப் பணத்தில்தான் அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குக் குஞ்சு வாங்குவார்கள். சங்கிலி என்ற பெயர் அதனால்தான்.

எங்களுக்கு வந்தவை பிளைமவுத் ராக் குஞ்சுகள். கறுப்பு உடம்பு, தலையில் வெள்ளைப் பொட்டு. துணி துவைக்கும் அறையில் பெரிய தொட்டி வைத்து, மரச்சீவலைப் பரப்பி, மேலே சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டோம். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும். ஆனால் எக்ஸ்டென்ஷன் ஏஜென்ட் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்தார். விளக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். ஆங்காங்கே பரவிப் படுத்திருந்தால் சரி. மூன்றாம் நாள் ஒரு குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டது. அப்படியே விட்டால் செத்துவிடும். என் மகள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, இழுக்காமல், ஊற வைத்து ஊற வைத்து எடுத்தாள். பத்து வயது. அதுவரை ஒரு பூனையைக்கூடத் தொட்டதில்லை.

ஜூலையில் ஒரு ராத்திரி ரக்கூன் என்ற காட்டு விலங்கு வந்தது. காலையில் பார்த்தால் கூண்டின் கம்பி வலை ஒரு மூலையில் கிழிந்திருந்தது, இரண்டு கோழிகளைக் காணோம், இறகுகள் மட்டும் கிடந்தன. நாங்கள் கடையில் வாங்கிக் கட்டியது அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலை. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், ரக்கூன் உள்ளே வருவதைத் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள கெட்டி வலையைக் கட்டியிருக்க வேண்டும். நாமக்கல்லில் இருக்கும் என் அம்மாவிடம் வீடியோவில் சொல்லி அழுதாள் மகள். "அழுவாத கண்ணு, கோழி வளத்துனா கீரி, நாயி எல்லாம் வரத்தான் செய்யும். ராத்திரிக்கு பஞ்சாரத்தப் போட்டு மூடி மேல ஒரு கல்ல வெச்சுப் பழகோணும். மிச்சம் இருக்கறதப் பாரு" என்றார் அமுச்சி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விவசாயச் செய்தி, பிள்ளைகள் செய்தி என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். இந்த அமைப்பு உருவானபோது இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டத்தால் மாநிலங்களுக்கு மத்திய அரசு நிலம் கொடுத்தது. அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் தொழிற்கல்வியும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன. 1887-இல் ஆராய்ச்சி நிலையங்களும் வந்தன. நல்ல விதை, மண் பரிசோதனை எல்லாம் அங்கே கிடைத்தன. ஆனால் வயதில் பெரியவர்களான விவசாயிகள் பலர் கேட்கத் தயாராக இல்லை. அப்பன் பாட்டன் செய்தபடி செய்வோம், புத்தகம் படித்தவன் எனக்கு உழவு சொல்லித் தருவதா என்ற எண்ணம் எந்த ஊருக்கும் பொதுதானே. பிள்ளைகள் அப்படி இல்லை. கொடுத்த விதையைப் போட்டுப் பார்த்தார்கள்.

1902-இல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் நீதிமன்றக் கட்டடத்தில் பிள்ளைகளைக் கூட்டி மக்காச்சோளம், மண் சோதனை என்று கிளப் தொடங்கினார். 4-எச் தன் பிறப்பை அங்கிருந்துதான் எண்ணுகிறது. பிறகு ஊர் ஊராக மக்காச்சோளக் கிளப்புகள். 1910-இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு (தானியம் அளக்கும் அமெரிக்க அளவு) மேல் மக்காச்சோளம் எடுத்தான். அந்தக் காலத்தில் நாட்டின் சராசரி 30 புஷலைத் தொடவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பார்? அதே வருடம், அதே மாநிலத்தின் ஏக்கன் கவுண்டியில் மரீ குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்குத் தக்காளிக் கிளப் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்றால் காசு அந்தப் பெண்ணின் கையில். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்தது இதுதான்.

1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, பல்கலைக்கழகத்தின் ஆள் ஒவ்வொரு கவுண்டியிலும் உட்காருகிற ஏற்பாடு நாடு முழுக்க நிலைத்தது. அன்றிலிருந்து மண் பரிசோதனையும் பிள்ளைகள் கிளப்பும் ஒரே கூரைக்குக் கீழ். ஆகவே மடலில் ஒரு பிள்ளையின் ரிப்பன் செய்தி வந்தால் அதையும் விவசாயத் தகவலாகவே படியுங்கள். இந்த வீட்டில் இது பலித்தது, போய்க் கேளுங்கள் என்று ஊருக்குச் சொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அலபாமாவில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1906-இல் இங்கே கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி கல்வி நிலையத்திலிருந்து கோவேறு கழுதை இழுத்த ஜெசப் வண்டி கிளம்பியது. அங்கே இருந்த வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த அந்த வண்டி கலப்பையும் விதையும் ஏற்றிக்கொண்டு கறுப்பின விவசாயிகளின் வீட்டு வாசலுக்கே போனது. அதன் பொறுப்பை ஏற்ற தாமஸ் மன்ரோ கேம்பெல் நாட்டின் முதல் கறுப்பின எக்ஸ்டென்ஷன் ஏஜென்ட். அவ்வளவு முன்னால் நடந்த மாநிலத்தில்தான் கறுப்பினப் பிள்ளைகளின் கிளப்புகளைப் பல பத்தாண்டுகள் தனியாகவே வைத்திருந்தார்கள். 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. 1971-இல்கூட அலபாமா எக்ஸ்டென்ஷன் அமைப்பு இனப் பாகுபாடு காட்டியதாக மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று என் மகள் எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே கொட்டகையில் கோழியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்றால் அதற்குப் போராடியவர்கள் இருக்கிறார்கள். இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் கோழிகளுக்குக் குளியல். மூன்று வாளி: ஒன்றில் சோப்பு நுரை, ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தினால் கோழி கண்ணை மூடித் தூங்கியே போகிறது! பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் கால் செதில்களைத் தேய்த்து, ஹேர் டிரையரில் உலர்த்தினோம். மறுநாள் நடுவர் ஒவ்வொரு கோழியாகத் தூக்கி, சிறகை விரித்து, கொண்டையைப் பார்த்து, மகளிடம் கேட்டார்: இது சீக்கிரம் முட்டை வைக்குமா, எப்படித் தெரியும்? அவள் கோழியைத் திருப்பிப் பிடித்து, வாலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே விரல் வைத்துக் காட்டினாள். ஒரு விரல்தான் நுழைகிறது, இரண்டு மூன்று நுழையும்போது வைக்கும் என்றாள். வெடக்கோழியை அப்படிப் பார்ப்பது அமுச்சி சொல்லிக் கொடுத்தது. ஏஜென்ட் கொடுத்த கையேட்டிலும் அதேதான் இருந்தது.

ரிப்பன் பற்றி ஒரு விளக்கம். பல 4-எச் போட்டிகளில் டேனிஷ் முறை என்று ஒன்று உண்டு. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல், ஒரு தரத்தை வைத்து நீலம், சிவப்பு, வெள்ளை கொடுப்பார்கள். பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தால் பத்துப் பேருக்கும் நீலம். நூற்றுக்கு ஒரு மார்க் குறைந்தால் முகம் வாடுகிற நம் வீடுகளுக்கு இது மிகவும் தேவை என்று மனதாரச் சொல்கிறேன்.

தயங்க வேண்டிய இடமும் உண்டு. கன்று, பன்றி, செம்மறி வளர்க்கும் திட்டங்களில் பெரும்பாலானவை கறிக்கானவை. கண்காட்சி முடிந்து ஏலம் போனால் அந்த விலங்கு கசாப்புக்குத்தான் போகும். பெயர் வைத்துக் கொஞ்சி வளர்த்த பிள்ளை அன்று அழும். சைவக் குடும்பங்கள் இதை முன்கூட்டியே பிள்ளையிடம் பேசிவிட வேண்டும். கோழியில் சிக்கல் குறைவு, வாங்குபவர்கள் பெரும்பாலும் முட்டைக்குத்தான் வாங்குகிறார்கள். விலங்கே வேண்டாம் என்றால் தோட்டம், தையல், ரோபோ, மேடைப் பேச்சு எல்லாம் இருக்கின்றன.

வயது மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். பொதுவாக 8 அல்லது 9-இல் தொடங்கி 18 வரை. அதற்கும் சின்னவர்களுக்கு குளோவர்பட் என்று தனிப் பிரிவு. நிலம் வேண்டும் என்பதில்லை. கோழிக்கு மட்டும் உங்கள் ஊர் விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குஞ்சுக்குப் பதிவு குளிர்காலத்திலேயே முடிந்துவிடலாம், அதனால் இப்போதே போன் செய்யுங்கள். நேரில் போகும்போது அந்த அலுவலகத்தில் மண் பரிசோதனைப் பெட்டியும் வாங்கி வாருங்கள். எங்கள் செம்மண்ணில் புளிப்பு அதிகம் என்றும் எவ்வளவு சுண்ணாம்புத் தூள் போட வேண்டும் என்றும் அதில்தான் தெரிந்தது. வேறு மாநிலத்திலிருந்து கறிவேப்பிலைக் கன்று கொண்டுவருமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும். அதனால் சில பகுதிகளிலிருந்து கன்றை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது.

சிக் செயினில் ரிப்பனோடு ஒரு கணக்குப் புத்தகமும் உண்டு. தீவன மூட்டை விலை, மரச்சீவல் விலை, எத்தனை குஞ்சு வந்தது, எத்தனை செத்தது என்று பிள்ளையே எழுத வேண்டும். கூட்டிப் பார்த்தால் எங்களுக்குக் கையைக் கடித்தது, அதையும் அப்படியே எழுதினாள். கடைசிப் பக்கத்தில், அடுத்த வருடம் எதை மாற்றிச் செய்வாய் என்று ஒரு கேள்வி. கெட்டி வலை கட்டுவேன், அதன் அடியை மண்ணுக்குள் ஒரு அடி ஆழம் புதைப்பேன், ராத்திரி நானே போய்க் கதவைச் சாத்துவேன் என்று பென்சிலில் எழுதியிருந்தாள். போன சனிக்கிழமை அப்பாவும் மகளும் மண்வெட்டியோடு பின்பக்கம் போய்ப் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.