பழைய அறிவியல் இதழ்கள்: ஸ்கேனரைத் தொடும் முன்

கேள்வி: எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ‘கலைக்கதிர்’ உள்ளிட்ட தமிழ் அறிவியல் மாத இதழ்கள், 1950, 60களில் வந்தவை, ஆண்டுவாரியாக பைண்டு செய்து இருக்கின்றன. தாள் பொடிந்து உதிர்கிறது. பைண்டிங்கை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்யலாமா? கருப்பு வெள்ளை பிடிஎஃப் போதுமா? இணையத்தில் போடலாமா?

பதில்: வெட்டாதீர்கள். பொடிகிற தாளை ஒருமுறை பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியாது. மேலிருந்து படமெடுக்கும் கேமரா ஸ்டாண்டு ஒன்று, இரண்டு பக்கமும் விளக்கு, புத்தகத்தைப் பாதி மட்டும் விரித்துத் தாங்க ஒரு ‘வி’ வடிவக் கட்டை. இவ்வளவு இருந்தால் வேலை நடக்கும். கண்ணாடி மேல் கவிழ்த்து அழுத்தும் சாதாரண ஸ்கேனர் இந்தத் தாளுக்கு ஆகாது.

கருப்பு வெள்ளை போதவே போதாது. ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறு அதுதான். இடம் மிச்சமாகட்டும் என்று அங்குலத்துக்கு 200 புள்ளியில், கருப்பு வெள்ளையில் எடுத்தோம். அப்புறம் திறந்து பார்த்தால், வேதியியல் சமன்பாடுகளில் கீழே நிற்கும் குட்டி 2-ம் 3-ம் ஒரே மாதிரி மைப்புள்ளியாகத் தெரிந்தன. படங்கள் கரித்திட்டாகிவிட்டன. மறுபடி எடுக்கப் போனபோது சில பக்கங்களின் மூலை கையோடு வந்துவிட்டது.

ஆகவே வண்ணத்தில், அங்குலத்துக்கு 400 புள்ளியில், டிஃப் கோப்பாக (படத்தின் விவரம் குறையாமல் சேமிக்கும் வகை) எடுத்து வையுங்கள். 7க்கு 10 அங்குலப் பக்கம் ஒன்று சுமார் 34 எம்பி வரும். 64 பக்க இதழ் 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஒரு டெராபைட் வட்டில் முப்பது ஆண்டு இதழ்களுக்கு மேல் அடங்கும். அதே போல இன்னொரு வட்டு வாங்கி வேறு கட்டடத்தில் வையுங்கள். வாசகருக்குத் தரும் பிடிஎஃபை இதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அட்டை, விளம்பரம், கேள்வி-பதில் பக்கம் எதையும் விடாதீர்கள். அந்தக் காலத்தில் நம் ஊரில் என்ன மோட்டார், என்ன ரேடியோ விற்றது என்பது விளம்பரத்தில்தான் இருக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு மாதம் எண்ணுவதற்கே ஒதுக்குங்கள். எந்த மலர், எந்த இதழ், எத்தனை பக்கம், எது கிழிந்திருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். இன்னும் பழைய இதழ்கள் கிடைத்தால், தமிழ் ஆண்டுப் பெயரைக் கவனியுங்கள். ‘நள’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 1916ஆகவும் இருக்கலாம், 1976ஆகவும் இருக்கலாம். பிறகு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் பாருங்கள். அங்கே இல்லாத இதழ்களை முதலில் எடுங்கள்.

ஓசிஆரை, அதாவது படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக மாற்றும் மென்பொருளை, நம்பி இருக்க வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’ இருக்கும். மென்பொருள் அங்கே அடிக்கடி தடுமாறும். அதனால் ஒவ்வொரு இதழின் பொருளடக்கத்தையும் கையால் தட்டச்சு செய்யுங்கள். பக்கத்திலேயே இன்றைய சொல்லையும் சேருங்கள். இன்றைய மாணவர் ‘ஆக்சிஜன்’ என்று தேடுவார். பழைய கட்டுரையில் ‘பிராணவாயு’ என்று இருக்கும். இரண்டும் பதிவில் இருந்தால்தான் கட்டுரை அவர் கைக்குப் போகும். என்னைக் கேட்டால், உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் 1916இல் கலைச்சொல்லுக்காகவே ஓர் இதழ் நடத்தினார்கள். அந்த முயற்சி எப்படி வளர்ந்தது, எந்தச் சொல் நின்றது, எது உதிர்ந்தது என்பதை இப்படிப்பட்ட பதிவுகளை வைத்துத்தான் பின்தொடர முடியும்.

உரிமை பற்றி: உங்களிடம் அச்சுப் பிரதி இருப்பதால், இலாப நோக்கில்லாத பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தருகிறது. இணையத்தில் போடுவது வேறு விஷயம். பெயர் போட்ட கட்டுரைக்கு, எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பெயரில்லாத குறிப்புக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. அதனால் பதிவேட்டில் ஆசிரியர் பெயருக்கு ஒரு பத்தி, இறந்த ஆண்டுக்கு ஒரு பத்தி இப்போதே போட்டுவிடுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். உரிமை முடியாதவற்றுக்குப் பதிப்பகத்தாரிடமும் எழுதியவர் குடும்பத்தாரிடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அது வரும்வரை இணையத்தில் போடாதீர்கள்.