மாந்தோலில் விளையும் நொதி: குடியாத்தம் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

நொதி தயாரிக்கும் ஆலை ஒன்றில் நெடுங்காலம் பூஞ்சை வளர்த்தவன் நான். இப்போது குடியாத்தத்தில் இருக்கிறேன். ஆந்திர எல்லைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் உள்ள நம்மவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர்: ஐயா, பழக்கூழ் ஆலைகளின் பின்புறம் பெங்களூரா மாம்பழத்தின் தோல் மலையாகக் குவிந்து நாறுகிறது. அதிலிருந்து நொதி எடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பழத்தின் எடையில் தோல் மட்டும் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காடு வரும். அதில் பெக்டின் நிறைய. ஜாம் கெட்டியாவது அந்தப் பெக்டினால்தான். பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. இரையை வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். கரைப்பதற்காக அது கசியவிடும் பொருள்தான் நொதி. பெக்டினைப் போட்டால் பெக்டினேஸ் சுரக்கும், வைக்கோலைப் போட்டால் செல்லுலேஸ், தவிட்டைப் போட்டால் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ். எந்தக் கழிவு கையில் இருக்கிறது என்பதை வைத்தே எந்த நொதி என்று முடிவு செய்யுங்கள்.

செய்முறை இது. தோலை ஒருமுறை அலசி, ஒட்டும் சர்க்கரையைப் போக்கி, மொறுமொறுவென்று காயவைத்து ரவை பருமனுக்கு அரையுங்கள். அதே அளவு கோதுமைத் தவிடு சேருங்கள். தவிடு சத்தும் தரும், இடையில் காற்றோட்டமும் தரும். கொஞ்சம் அம்மோனியம் சல்ஃபேட் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பிசிறுங்கள். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், சொட்டு நீர் கசியக் கூடாது. ஈரப்பதமானி வைத்துப் பார்த்தால் 60 முதல் 65 விழுக்காட்டுக்குள் இருக்கும். பிறகு 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு, அஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையின் விதையை, அதாவது அதன் வித்துத்தூளை, கலந்து, தட்டில் 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பி 30 டிகிரியில் வையுங்கள். முதலில் வெள்ளைப் பஞ்சு போலப் படரும், பிறகு கறுக்கும். மூன்றாம் நான்காம் நாளில் எடுத்துவிடுங்கள். நன்றாகக் கறுக்கட்டும் என்று காத்திருந்தால், பூஞ்சை சுரக்கும் புரதம் உடைக்கும் நொதிகளே நம் சரக்கைத் தின்னத் தொடங்கிவிடும்.

எடுத்ததைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கலக்கி, மல் துணியில் பிழிந்தால் பழுப்பு நிறச் சாறு வரும். அதுதான் கச்சா நொதி. அன்றே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பலமநேரிலிருந்து ஒரு அம்மா: நான் வீட்டில் எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் ஊறவைத்து 'பயோ என்சைம்' செய்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை அம்மா. வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து என்ற அந்தக் கணக்கில் வேலை செய்பவை பெரும்பாலும் ஈஸ்ட்டும் அமிலம் செய்யும் பாக்டீரியாவும். கிடைப்பது ஏறக்குறைய காடி. தரை துடைக்கவும், பாத்திரத்தில் படிந்த உப்புக்கறை எடுக்கவும் நன்றாக உதவும். அதற்குக் காரணம் புளிப்பு. கொஞ்சம் நொதியும் இருக்கலாம், ஆனால் பெயரில் இருக்கும் அளவுக்கு இராது. செய்வதை நிறுத்த வேண்டாம். மூடியை மட்டும் அவ்வப்போது தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். பாட்டில் வெடித்து நான் பார்த்திருக்கிறேன்.

குப்பத்துக் கல்லூரி மாணவி: சார், வீட்டில் பூசணம் பிடித்த ரொட்டியிலிருந்தோ வேர்க்கடலையிலிருந்தோ பூஞ்சையை எடுத்துக்கொள்ளலாமா?

வேர்க்கடலையில் இருந்து வேண்டவே வேண்டாம். அதில் வரும் பச்சைப் பூசணம் பெரும்பாலும் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சைச் செய்வது அதுதான். அதன் நெருங்கிய உறவான அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே ஜப்பானில் சோயா சாறும் சாக்கே மதுவும் செய்யப் பலநூறு ஆண்டுகளாகப் புழங்குகிறது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய எனக்கும் துணிவில்லை. சண்டிகர் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்திலும், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலும் நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்கள் உள்ளன. பெயரும் எண்ணும் இட்ட தூய விதை அங்கே விலைக்குக் கிடைக்கும். கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள்.

அதே மாணவியின் தாயார்: கொரோனா சமயத்தில் வந்த கருப்புப் பூஞ்சை இதுதானா? பயமாக இருக்கிறது.

அது வேறு. 2021இல் பேசப்பட்டது மியூகர்மைகோசிஸ். ரைசோபஸ் போன்ற வேறு குடும்பத்துப் பூஞ்சைகளால் வருவது. நைகர் கறுப்பாக இருப்பது அதன் வித்துத்தூளின் நிறத்தால். ஆனாலும் உங்கள் பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பூஞ்சைத் தூளானாலும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் தட்டைக் கிளறக் கூடாது. சமையலறையில் செய்யவே கூடாது.

வாணியம்பாடியிலிருந்து ஒரு தம்பி: மே மாதம் செய்து பார்த்தேன் அண்ணா. இரண்டாம் நாளே நடுவில் ஈரமாகி ஊசல் நாற்றம். விதை கெட்டதா?

விதையைத் திட்டாதே தம்பி, தட்டின் கனத்தைச் சொல். எட்டு செ.மீ. இருக்குமா? நானும் ஒரு கோடையில் தட்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்படிக் குவித்து, மொத்தத்தையும் குப்பையில் கொட்டியவன். பூஞ்சை வளரும்போது நம்மைப் போலவே மூச்சு விடுகிறது, சூடும் விடுகிறது. தவிடு சூட்டை எளிதில் கடத்தாது. நடுவில் 45 டிகிரியைத் தாண்டினால் பூஞ்சை தளர்ந்துவிடும். அந்த இடத்தை பாக்டீரியா பிடித்துக்கொள்ளும். ஊசல் நாற்றம் அதன் கைவேலை. மெல்லியதாகப் பரப்பு, தட்டுகளுக்கு இடையே கை நுழையும் இடைவெளி விடு, சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிடு. நம் பக்கத்து மே மாதத்தில் அதுவும் போதாமல் போகலாம். ஆடி கழிந்து செய்தால் பாதித் தொல்லை குறையும். காய்ந்த தோல் அதுவரை கெடாது.

குடியாத்தம் கைலி நெசவாளர்: பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியைத் துணியிலிருந்து நீக்க நொதி விற்கிறார்கள். நாமே செய்யலாமா?

செய்யலாம். அமைலேஸ்தான் அது. ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானியர் கோதுமைத் தவிட்டில் ஒரைசே பூஞ்சையை வளர்த்து அமைலேஸ் எடுத்து, 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய தவிடு நம் ஊர் மாட்டுத்தீவனக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் ஒன்று: பூஞ்சை அமைலேஸ் 50, 55 டிகிரி வரைதான் நன்றாக உழைக்கும். கடையில் விற்பது பெரும்பாலும் பாக்டீரியாவில் எடுத்தது. கொதிநிலையை நெருங்கும் சூட்டையும் தாங்கும். வெந்நீர்த் தொட்டியில் வேகமாக முடிக்க வேண்டுமென்றால் கடைச் சரக்கே மேல். வெதுவெதுப்பான நீரில் இரவெல்லாம் ஊறவிட முடியுமென்றால் சொந்தச் சரக்கு போதும். கஞ்சி போனதா என்று பார்க்க, துணியில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நீலம் வந்தால் இன்னும் இருக்கிறது.

பேரணாம்பட்டு தோல் பதனிடும் தொழிலாளி: சுண்ணாம்பும் சல்ஃபைடும் இல்லாமல் நொதியால் முடி நீக்கலாமாமே?

புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் கொண்டு செய்யலாம். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதில் நெடுநாளாக உழைத்திருக்கிறது. முடியின் வேரைப் பிடித்திருக்கும் புரதங்களை நொதி தளர்த்திவிடுகிறது, முடி முழுதாகக் கழன்று வருகிறது. சல்ஃபைடு முடியையே கூழாக்கிக் கழிவுநீரில் சேர்க்கிறது. நாற்றமும் நஞ்சும் அதனால்தான். ஆனால் வீட்டுத் தட்டில் எடுத்த கச்சாச் சாற்றை விலை உயர்ந்த தோலில் ஊற்றிவிடாதீர்கள். தோலும் புரதம்தான், நேரம் தவறினால் அதன் மேற்பரப்பையும் அரித்துவிடும்.

ஆம்பூரிலிருந்து ஒருவர்: இதை விற்று மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. நொதியைக் கிலோ கணக்கில் எடை போட்டுப் பேசினாலும், வாங்குபவர் பார்ப்பது ஒரு கிராமில் எத்தனை யூனிட் வேலைத்திறன் என்பதையே. அதை அளக்க ஆய்வகம் வேண்டும், கெடாமல் வைக்கக் குளிர்வசதி வேண்டும், உணவுக்கு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் வேறு. பெரிய ஆலைகள் தொட்டி தொட்டியாகச் செய்து தூளாக்கி விற்கின்றன. அவற்றோடு விலையில் மோத நம்மால் ஆகாது. என் எண்ணத்தில், தட்டில் எடுத்த சாற்றை இருபது கிலோமீட்டருக்குள் அன்றே பயன்படுத்தும் ஒருவர் கிடைத்தால் தொடங்குங்கள். வாழைநாரில் ஒட்டிய பசையை நீக்குபவர், துணிக் கஞ்சி எடுப்பவர் போல. அப்படி ஆள் இல்லையென்றால் வைக்கோலில் சிப்பிக்காளான் போடுங்கள். அதுவும் பூஞ்சைதான், சந்தையில் ஒரு கூடைக்குக் கையில் காசு தருவார்கள்.

சித்தூர்க்காரர் மறுபடியும்: பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையை மாட்டுக்குப் போடலாமா?

போடாதீர்கள். விதை தூயதாக இருந்தாலும் இடையில் எது சேர்ந்ததென்று தெரியாது. ஒரு கொதி கொதிக்கவைத்து, வித்துத்தூள் பறக்காமல் ஈரத்தோடே சாணக் குழியில் சேருங்கள். மாமரத்துக்கே உரமாகப் போகட்டும்.